உன்னை அக்கா என்றார்கள், என்னை சிஸ்டர் என்றார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் பின்வாசல் படியில் உட்கார்ந்து பேத்தியின் பள்ளிக்கூட ஷூவுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள். பழைய பல் பிரஷ்ஷை அந்த வெள்ளைக் குழம்பில் தோய்த்துத் தோய்த்துத் தடவினாள். ஈரச் சுண்ணாம்பு மாதிரி ஒரு வாசனை கூடம் வரைக்கும் வந்தது. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அதற்குமேல் ஒரு வரிகூடப் படிக்க ஓடவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் நாம் வேலை பார்த்த அந்த மனநல மருத்துவமனை கண்முன் வந்துவிட்டது. நர்ஸ் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் நம் இரண்டு ஜோடி வெள்ளை ஷூக்களும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். என்னுடையது பால் மாதிரி இருக்கும். உன்னுடையதில் நுனியெல்லாம் கோவளத்து மணல். ஆனாலும் ரவுண்ட்ஸ் வருகிற மேட்ரன் என் காலைப் பார்த்து, “நாடா தொங்குது பாருங்க” என்பார். உன்னிடம் திரும்பி, “அப்பாவுக்கு இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்பார். நீ போய் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. அந்த வாசனை பட்டதும் கண்ணீர் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வயிற்றெரிச்சல். சரி, இதையாவது உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். எண்பதுகளின் தொடக்கம். எனக்கு வீடு பக்கத்திலேயே, ராஜகீழ்ப்பாக்கம். அப்பா விவசாயத்தை விட்டுவிட்டு நிலத்தை மனை மனையாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். உன் அப்பா கோவளத்தில் கட்டுமரம் ஏறுகிறவர். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து வண்டலூர், அப்புறம் தாம்பரம் என்று பஸ் மாறி மாறி வருவதற்குள் பாதிப் பொழுது போய்விடும் என்பதால் நீ குவார்ட்டர்ஸிலேயே தங்கினாய். மத்தியான டூட்டி வரும் வாரங்களில் நானும் உன் அறையிலேயே தங்கிக்கொள்வேன். ஒரே படிப்பு, ஒரே சம்பளம், ஒரே வயது. பரீட்சையில் உன்னைவிட எனக்குத்தான் மார்க் அதிகம். இதை நான் எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன் என்று உனக்குத் தெரியாது.

பெண்கள் வார்டில் நீ காலெடுத்து வைத்தால் போதும், “அக்கா வந்துட்டாங்க” என்று ஒரு குரல் கேட்கும். உன்னைவிட இரண்டு மடங்கு வயதான அம்மாக்கள்கூட உன்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் போனால் “சிஸ்டர்.” நான் யாரையும் அதட்டியதில்லை. மாத்திரை நேரம் தவறவிட்டதில்லை. யாருக்குக் கட்டு மாற்ற வேண்டும், யாருக்கு ராத்திரி தூக்கமில்லை என்று எல்லாம் என் தலையில் இருக்கும். நீ பேர்களைக்கூட மாற்றிச் சொல்வாய். அவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

வார்டில்தான் இப்படி என்றால் என் வீட்டிலும் அதே கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைச் சாப்பிடக் கூட்டிப்போனேன். என் அப்பா வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. நீ கையைக் கழுவிக்கொண்டே, மனைக்கல் நட்ட வெறும் நிலத்தைப் பார்த்து, “ஐயா, இங்க முன்ன இன்னா போட்டுகினு இருந்தீங்க?” என்று கேட்டாய். அவ்வளவுதான். நெல், வேர்க்கடலை, ஏற்றம், கிணறு, செத்துப்போன காளை என்று அப்பா சாயங்காலம் வரைக்கும் பேசினார். அந்தக் காளைக்கு ஒரு பேர் இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடுத்த ஞாயிறு நான் தனியாகப் போனபோது அம்மா வாசலை எட்டிப் பார்த்து, “உன் ஃப்ரெண்டு வரலையா?” என்றாள். எனக்குச் சாதம் இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாலினி வந்தாள்.

குரோம்பேட்டையில் வீடு, அப்பா பேங்கில் ஆபீசர், அம்மா இல்லை. காலேஜைப் பாதியில் நிறுத்தியவள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே கையெல்லாம் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட தழும்பு. வார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் என்ன வியாதி என்று நமக்குத் தெரியும். குரல் கேட்கிறவர்கள் இருந்தார்கள், மாதக்கணக்காக ஒரு வார்த்தை பேசாதவர்கள் இருந்தார்கள். மாலினிக்குக் குரலும் கேட்கவில்லை, பேச்சும் குறையவில்லை. இங்கிலீஷில் டாக்டரோடு வாதம் செய்தாள். “இதுக்குப் பேர் வியாதியா? திமிர். ரெண்டு அறை விட்டா சரியாயிடும்” என்று ஆயா முதல் ஆபீஸ் கிளார்க் வரைக்கும் சொன்னார்கள்.

டாக்டர்தான் நம்மைக் கூப்பிட்டு விளக்கினார். “இது ஆளுமைக் கோளாறு. நடிப்பு இல்ல. அந்தப் பொண்ணுக்கு உலகத்துல ரெண்டே வகை ஆளுங்கதான். ஒண்ணு தேவதை, இன்னொண்ணு பிசாசு. நடுவுல யாரும் கிடையாது. இன்னிக்குத் தேவதையா இருக்கறவங்க நாளைக்குப் பிசாசு ஆயிடுவாங்க. விட்டுட்டுப் போயிடுவாங்களோங்கற பயம்தான் எல்லாத்துக்கும் அடியில இருக்கு. அவ உங்களைப் பங்கு போடுவா. ஜாக்கிரதையா இருங்க.”

நான் புத்தகத்தில் தேடினேன். அதைப் பற்றி இருந்ததே ஒரு பக்கம்தான். நீ புத்தகத்தைத் திறக்கவில்லை, நேராக அவளிடம் போனாய்.

முதல் நாளே பங்கு பிரித்தாகிவிட்டது. நீ தேவதை. நான் கொடுத்த மாத்திரையைத் துப்பினாள். நீ அதே மாத்திரையைத் தரையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்று கொடுத்தாய், விழுங்கினாள். எனக்கு ‘ஐஸ்பெட்டி’ என்று பேர் வைத்தாள். வார்டு முழுக்க அந்தப் பேர் பரவியது. “அந்த ஐஸ்பெட்டி சிஸ்டர் வந்தா நான் குளிக்க மாட்டேன்.” அதைக் கேட்டு நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாய். நான் பார்த்தேன்.

அவளுக்காக நீ லீவு நாளிலும் வார்டுக்கு வந்தாய். கோவளம் மாதா கோயில் திருவிழாவில் கண்ணாடி வளையல் வாங்கிவந்தாய், மேட்ரனுக்குத் தெரியாமல். வார்டுக்குள் கண்ணாடி கூடாது என்று சொன்னேன். “போட்டுப் பாத்துட்டு குடுத்துடுச்சுடி, இங்க என்கிட்டதான் கீது” என்று பையைத் தட்டிக் காட்டினாய். ஒரு நாள் அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை விட்டுட்டுப் போக மாட்டீங்கல்ல?” என்று கேட்டாள். “போவ மாட்டேன் கண்ணு. சத்தியமா” என்றாய்.

“எதுக்குடி சத்தியமெல்லாம் பண்ற? நாளைக்கே உனக்கு டூட்டி மாத்துனா என்ன பண்ணுவ?” என்று குவார்ட்டர்ஸில் உன்னிடம் சண்டை போட்டேன்.

“அதுக்கு யாருமே இல்லடி. ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சுடும்?”

நான் சொன்னது சரி. இன்றைக்கும் சொல்வேன், அது சரி. ஆனால் அந்தச் சத்தியத்தை அவள் என்னிடம் ஏன் கேட்கவில்லை என்ற எரிச்சலும் அதில் பாதி இருந்தது.

உன் அண்ணன் கல்யாணத்துக்கு நீ ஊருக்குப் போனாய். திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று மாலினியிடம் சொல்லிவிட்டுத்தான் போனாய். கல்யாண வீட்டில் உன் அப்பாவுக்கு மறுபடி நெஞ்சுவலி, நீ அந்த வாரம் முழுக்க வரவில்லை. திங்கட்கிழமை மாலினி காலையிலிருந்தே தலை வாரி, பொட்டு வைத்து, கேட்டைப் பார்த்தபடி ஜன்னலில் நின்றாள். சாயங்காலம் பொட்டை அழித்துவிட்டாள். மறுநாள் அவள் கையில் புதுக் காயம். கட்டுப் போட்டவள் நான். அவளைத் திட்டவும் இல்லை, ஐயோ பாவம் என்று பதறவும் இல்லை. சுத்தம் செய்து, மருந்து வைத்து, துணியைச் சுற்றினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“நீங்க ஏன் எதுவும் கேக்கல?”

“கட்டிட்டு இருக்கேன். முடிச்சதும் கேக்கறேன்.”

அதிலிருந்து நான் தேவதை ஆகிவிட்டேன்.

அந்த நாட்களை எப்படிச் சொல்ல? என் டூட்டி எப்போது என்று அவள் ஆயாவிடம் விசாரிப்பாள். என் கையால் கொடுத்தால்தான் மாத்திரை. “நீங்கதான் சிஸ்டர் உண்மையானவங்க. அவங்க எல்லாம் சும்மா இனிக்க இனிக்கப் பேசுவாங்க” என்றாள். இது நோய் பேசுகிற பேச்சு என்று எனக்குத் தெரியாதா? டாக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருந்தது. இருந்தும் அன்றைக்கு வீட்டுக்கு நடந்துபோகும்போது தரையில் கால் பாவவில்லை. என் வாழ்நாளில் முதல்முறையாக உன்னைவிட என்னை ஒருத்திக்குப் பிடித்திருந்தது.

நீ திரும்பி வந்தாய். அவளைப் பார்க்க ஓடினாய். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீ பேசப் பேசப் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள். மத்தியானம் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். நீ கதவோரம் நின்றிருந்தாய்.

மறுநாள் குவார்ட்டர்ஸில் கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்டே நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“ஒண்ணு சொல்லட்டாடி? எனக்கு வயிறு எரியுது.”

“எதுக்கு?”

“உன்னப் பாத்துதான். அந்தப் பொண்ணு உன்கிட்ட சிரிக்கிறா, என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறா. ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. இன்னாடா இது, பேஜாராப் போச்சேன்னு இருந்துச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தாய். சீப்பை என் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டு, டூட்டிக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போய்விட்டாய்.

நான் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தேன். எத்தனை வருஷமாக நான் விழுங்கிக்கொண்டிருந்த ஒன்றை நீ தலை வாருகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டாய். உன் சிரிப்பு, உன் பேச்சு, என் அப்பா உன்னிடம் பேசியது, இதற்கெல்லாம் பொறாமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பொறாமையை நீ சொல்லிவிட்ட விதத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். பதிலுக்கு, “எனக்கும்தான்டி, ரொம்ப நாளா” என்று சொல்லியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். வாய் வரவில்லை.

அந்த வாரமே பூகம்பம் வெடித்தது. குளியலறையில் வைத்து நீ அவள் கன்னத்தில் அறைந்தாய் என்று மாலினி அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அவர் நேராக ஆபீஸ் அறைக்கு வந்தார். “என் பொண்ணை அடிச்ச நர்ஸ் இன்னிக்கே வெளிய போகணும். இல்லைன்னா நான் போலீசுக்குப் போவேன்” என்று மேஜையைத் தட்டினார். டாக்டர், மேட்ரன், நீ, எல்லோரும் நின்றிருந்தீர்கள். உன் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் உன் வீடு ஓடியது. அடித்த நர்ஸ் என்று பேர் வந்தால் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எந்த ஆஸ்பத்திரியும் உன்னைச் சேர்க்காது.

மேட்ரன் என்னையும் கூப்பிட்டனுப்பியிருந்தார். குளிக்க வைக்கிற நேரத்தில் நான் அந்தக் குளியலறை வாசலில்தான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

“சார், நான் அங்கதான் நின்னேன். இவங்க கை ஓங்கக்கூட இல்ல. தண்ணி சூடா இருக்கான்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு தண்ணி மொள்ற மக்கைத் தூக்கி எறிஞ்சுது. இவங்க அதை எடுத்து வெச்சிட்டு வெளிய வந்துட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது.”

மாலினியின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க சொல்லாம யாரு சொல்லுவா? ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கற ஃப்ரெண்ட்ஸ்னு எனக்குத் தெரியும்.”

அப்போது மேட்ரன் பேசினார். “சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இவங்களுக்கு அவங்களைப் பார்த்தா ஆகாது. சேர்ந்த நாள்லேர்ந்து அப்படித்தான். வார்டுல ஆயா வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். இவங்களே அடிக்கலைன்னு சொன்னா, அடிக்கலைன்னுதான் அர்த்தம்.”

 மாலினியின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உன் வேலை தப்பித்தது. என் காதெல்லாம் எரிந்தது. யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. என் பொறாமைதான் உனக்குச் சாட்சி சொன்னது. நான் மெதுவாக உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ ஆச்சரியப்படவே இல்லை. உனக்கும் தெரிந்திருக்கிறது, எப்போதிலிருந்தோ.

அதை யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. நான் உன் பக்கம் பேசிவிட்டேன் என்று மாலினிக்குச் செய்தி போய்விட்டது. ஒரே நேரத்தில் அவளுடைய இரண்டு தேவதைகளும் பிசாசாகிவிட்டோம். துணி எடுக்கப்போன ஆயா மொட்டை மாடியிலிருந்து அலறினாள். நாம் ஓடினோம். மாலினி கைப்பிடிச் சுவரின் மூலையில் ஏறி உட்கார்ந்திருந்தாள், முகம் வெளிப்பக்கம்.

கிட்டே போகப் பயமாக இருந்தது. போகாமல் இருக்கவும் பயம். நீதான் முதலில் தரையில் உட்கார்ந்தாய், அவளுக்குக் கொஞ்சம் தள்ளி. என் முந்தானையைப் பிடித்து இழுத்து உன் பக்கத்தில் உட்கார வைத்தாய். தளம் கொதித்தது. பதறி ஓடிவரவில்லை என்பதே அவளைத் திரும்பிப் பார்க்க வைத்தது என்று நினைக்கிறேன்.

“அக்கா, அந்த சிஸ்டரைக் கீழ போகச் சொல்லுங்க. உங்ககிட்ட மட்டும் பேசறேன்” என்றாள். இத்தனை நாள் கழித்து நீ மறுபடி அக்கா.

 நான் எழுந்து போய்விட வேண்டுமோ என்று நினைத்தேன். உயிர் விஷயம். நீ என் மணிக்கட்டை விடவில்லை.

“அவ போவ மாட்டாம்மா. ரெண்டு பேரும்தான் இருப்போம்.”

“அப்ப நீங்க போங்க! சிஸ்டர் இருக்கட்டும்!”

இந்தத் தடவை என் முறை. “அவங்களும் போக மாட்டாங்க மாலினி. ரெண்டு பேரும் இங்கதான் இருக்கப்போறோம்.”

அவள் அழுதாள். நம் இரண்டு பேரையும் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். கீழே மின்சார ரயில் போனது. அது தாம்பரம் ஸ்டேஷனில் நிற்கிற சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் குரல் தணிந்து, “என்னை விட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. இறங்கறேன்” என்றாள்.

நீ என்னைப் பார்த்தாய். அந்த ஒரு பார்வையில் நம் பழைய சண்டை முழுவதும் இருந்தது. பிறகு அவளிடம் சொன்னாய்:

“அந்தச் சத்தியம் பண்ணது என் தப்புமா. அதக் காப்பாத்த என்னால முடியாது. சாயங்காலம் டூட்டி முடிஞ்சா நான் போயிடுவேன். நாளைக்குக் காலைல வருவேன். எதுனா தடங்கல் ஆச்சுன்னா ஆள் விட்டுச் சொல்லுவேன். அதான் என்னால முடியும்.”

“எனக்கு நாளைக்கு லீவு. நாளன்னிக்கு வருவேன்” என்றேன் நான்.

“அவ்வளவுதானா?” என்றாள் மாலினி.

“அவ்ளோதான்” என்றாய்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் கால் மரத்துவிட்டது. உன் தோள் என் தோளில் ஒட்டியிருந்தது, இரண்டு பேருக்கும் வேர்வை. கடைசியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தண்ணி வேணும்” என்றாள். நம்மில் ஒருத்தர் எழுந்தால்கூட எல்லாம் கெட்டுவிடும். நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே, “யம்மா! யாருனா ஒரு சொம்பு தண்ணி எடுத்துகினு வாங்க!” என்று கோவளம் கடற்கரைக் குரலில் ஒரு கத்து கத்தினாய். மாலினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை இந்தப் பக்கம் போட்டு இறங்கி வந்தாள்.

அதற்குப் பிறகுதான் நாம் அவளைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டோம். டூட்டி மாறுகிற நேரத்தில் இரண்டு பேரும் அவள் முன்னாலேயே உட்கார்ந்து பேசிக்கொள்வோம். அவள் உன்னிடம் சொன்னது எனக்குத் தெரியும், என்னிடம் சொன்னது உனக்குத் தெரியும். எது கேட்டாலும் ஒரே பதில். காயப்படுத்திக்கொண்டால் கட்டுப் போடுவோம், பெரிதுபடுத்த மாட்டோம். அப்படி எதுவும் செய்யாத நாளில்தான் கூட உட்கார்ந்து அரட்டை. டாக்டருக்கு அது பிடித்துப்போய் மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொன்னார். ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. வீட்டுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். அவள் மாதிரி வந்த வேறு சிலரை நாம் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் நீ அறிவாய். மாலினி மெல்ல மெல்லக் கரையேறினாள். கடைசியாக வீட்டுக்குப் போன அன்று கேட்டில் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என்னிடம் கைகூப்பி, “வரேன் சிஸ்டர்” என்றாள். அவளுக்கு நாம் இரண்டு பேரும் சமம் என்று அதற்குள் பழகியிருந்தேன். ஆனாலும் கைகூப்பலுக்கும் கட்டிப்பிடித்தலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போகுமா?

பிறகு உனக்குக் கல்யாணமாகிக் கேளம்பாக்கத்துக்குப் போய்விட்டாய். பஸ் கண்டக்டர் புருஷன், உனக்கு அங்கேயே ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. எனக்கும் கல்யாணம், குழந்தை. எப்போதாவது சந்தித்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் உனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. ஒரு நர்ஸ் இப்படியா விட்டுவைப்பாள் என்று உன்மேல் எனக்கு ஆத்திரம். பார்க்க வந்தால் உன் அறை வாசலில் கூட்டம். உன் ஊர் மனுஷர்கள், கிளினிக்குக்கு வந்துபோனவர்கள், யார் யாரோ. நான் தாழ்வாரத்தில் தூணோரம் நின்றேன். உள்ளேயிருந்து உன் குரல், இளைத்துப்போன குரல்: “ஏய், இன்னாத்துக்கு அங்கயே நின்னுகினு கீற? உள்ள வா. உன்னத்தான் பாத்துகினே இருந்தேன்.” நான் உள்ளே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாய். சொல்ல நினைத்ததை அன்றைக்கும் சொல்லவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

உன் சாவுக்கு மாலினி வந்திருந்தாள். அப்போது சேலையூரில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தாள். கோவளத்தில் உன் பிறந்த வீட்டு வாசலில், உன் சித்தி வருகிறவர்களை யார் யாரென்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கேட்டபோது, “கூட வேலை பார்த்தவ” என்றேன். மாலினியைக் கேட்டாள். “தங்கச்சி” என்றாள் அவள். சித்தி அவளை அழைத்துப்போய் உன் தலைமாட்டில் உட்கார வைத்தாள். நான் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அழுகையின் நடுவிலும் எனக்கு எரிந்தது. உன் பிணத்தின் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில்கூட நான் தோற்றுவிட்டேன்.

மாலினி இப்போதும் என்னைப் பார்க்க வருவாள். அவளுக்கும் நரைத்துவிட்டது. போன புதன்கிழமை வந்தாள். காப்பி குடித்துக்கொண்டு உன்னைப் பற்றியே பேசினாள், எப்போதும்போல. அக்கா இருந்திருந்தா அப்படிச் சொல்லியிருப்பாங்க, இப்படிச் சிரிச்சிருப்பாங்க. நான் டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவப் போட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

“உங்களுக்கு அக்கா மேல இன்னும் கோவமா சிஸ்டர்?”

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனசு நிலைகொள்ளாமல் இருந்ததாலோ என்னவோ, வாயில் வந்துவிட்டது. “கோவம் ஒண்ணுமில்ல மாலினி. பொறாமை. அப்பவும் இப்பவும்.”

உன்னிடம் சொல்ல முடியாததை அவளிடம் சொல்லிவிட்டேன்.  அவள் மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கும்தான் சிஸ்டர், பொறாமை. உங்க ரெண்டு பேர் மேலயும். அன்னிக்கு மாடியில நான் அவ்வளவு கத்தறேன், ஒருத்தரைப் போகச் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்துக்கிட்டு அசையவே இல்ல. அக்கா உங்க கையைப் பிடிச்சிட்டிருந்தாங்க. இப்படிப் பிடிச்சுக்க எனக்கு ஒருத்தர் இல்லையேன்னுதான் அழுதேன். உங்களைப் பிரிக்கணும்னு நான் பண்ணாததா? முடியல. அது எனக்கு எவ்வளவு எரிஞ்சுது தெரியுமா? ஆனா அன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்.”

அவள் கிளம்பிப் போன பிறகும் நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மாடியில் நான் பார்த்ததெல்லாம் உன்னையும் அவளையும்தான். உன் கை என் மணிக்கட்டில் இருந்ததை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. எனக்குக் கிடைத்திருந்தது என்ன என்று, அந்தப் பக்கம் காலைத் தொங்கப்போட்டிருந்த அந்தப் பெண்ணுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

பொறாமை என்னை விட்டுப் போகவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்தது, இனி எங்கே போகப் போகிறது? ஆனால் புதன்கிழமையிலிருந்து அது வேறு ஒருத்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுடுகிற தளத்தில், கால் மரத்துப்போய், உன் தோளில் தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தாளே ஒருத்தி, எரிச்சலோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறதடி.